பாரத்தின் அடியில் மனம்

வேலூர் சத்துவாச்சாரியைச் சேர்ந்த சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில், பளுதூக்குதலின் 77 கிலோ பிரிவில் மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வென்றார். ஸ்நாட்ச் முறையில் மட்டும் 149 கிலோ. அந்த முறையில், தரையில் கிடக்கும் கம்பியை ஒரே வீச்சில் தலைக்குமேல் கொண்டுபோய், கைகால் நீட்டி அசையாமல் நிற்க வேண்டும். நடுவர் இறக்கச் சொல்லும்வரை தூக்கியதாகக் கணக்கில்லை. தன் எடையைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு இரும்பைத் தாங்குபவரிடம் முயற்சியற்ற நிலை என்று பேசுவது பொருந்துமா?

பொருந்தும் என்றே நினைக்கிறேன். கம்பி மேலெழும் ஓரிரு நொடியில் முழங்காலைப் பற்றி யோசிக்க நேரமில்லை. யோசித்தால் கம்பி முன்னாலோ பின்னாலோ போய்விடும். தசைகள் உச்சத்தில் உழைக்கின்றன. ஓய்ந்திருப்பது, 'நான் செய்கிறேன்' என்று தன்னையே வேவுபார்க்கும் மனம். தாயுமானவர் ஏங்கிய சும்மா இருக்கும் சுகத்தைச் சோம்பிக் கிடப்பதாகப் புரிந்துகொள்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இதெல்லாம் வெறும் பழக்கம், உடல் தானாகச் செய்வது என்பார்கள். பழக்கம் அடித்தளம்தான், மறுக்கவில்லை. ஆனால் கம்பி சற்றே சாயும்போது தோளைத் திருத்திக்கொள்ள விழிப்பு வேண்டும். பதக்க ஆசையோடு மேடையேறுபவருக்குக் கீதை சொல்லும் பலன் கருதாச் செயல் எப்படிப் பொருந்தும் என்பது இன்னும் கடினமான கேள்வி. 2018இல் கோல்டு கோஸ்ட் காமன்வெல்த் போட்டியில், தொடைக் காயத்திலிருந்து மீண்டு வந்து 317 கிலோ தூக்கிச் சதீஷ் மறுபடி தங்கம் வென்றார். வலியோடு பயிற்சிக்கூடத்துக்குத் திரும்ப ஆசை தேவைதான். கம்பியைப் பற்றியபின் அதற்கு அங்கே வேலையில்லை. பதக்கத்தை நினைத்துக்கொண்டே தூக்குபவர் தவறவிடுவதை எத்தனையோ போட்டிகளில் பார்க்கிறோம்.