பட்டையை எப்போது கழற்றுவது?

1998-ல் இத்தாலியின் ரோமா அணிக்குக் கேப்டன் அல்டாயிர். பிரேசில்காரர். 1994 உலகக் கோப்பையை வென்ற பிரேசில் அணியில் தடுப்பாட்டக்காரர். 33 வயதை நெருங்கிக்கொண்டிருந்தவர், கையிலிருந்த கேப்டன் பட்டையை 22 வயதுப் பையன் ஒருவனிடம் கொடுத்தார். பையன் பெயர் பிரான்செஸ்கோ டோட்டி, ரோமிலேயே பிறந்து வளர்ந்தவன். கொடுத்த கையோடு அல்டாயிர் மூட்டை கட்டிவிடவில்லை. 2003 வரை அதே அணியில், அந்தப் பையன் தலைமையிலேயே இருந்தார். 2001-ல் ரோமா இத்தாலிய லீகை வென்றபோது கேப்டன் டோட்டி. அல்டாயிர் அணியில் ஒருவர்.

கோப்பைகளைவிட இந்த ஐந்து வருடங்களைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். பதவியை விட்டுப் போவது ஒரு நாள் வேலை. விட்ட இடத்திலேயே இருந்து, நேற்று வரை தனக்குக் கட்டுப்பட்டவனுக்குத் தான் கட்டுப்படுவது தினமும் செய்யவேண்டிய தவம்.

கால்பந்து விதிகளில் மூன்றாவது விதி கேப்டன் பதவியைப் பற்றி ஒரு சேதி சொல்கிறது. கேப்டனுக்குத் தனி அந்தஸ்தோ சலுகையோ கிடையாது. அணியின் நடத்தைக்கு ஓரளவு பொறுப்பு மட்டும் உண்டு. உடற்கல்வி ஆசிரியராகப் பல வருடம் பையன்களுக்கு இதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். உரிமை ஏதும் இல்லாத பொறுப்பு. அப்படியானால் ஒருவர் அதை எவ்வளவு காலம் தன்னிடமே வைத்துக்கொள்ளலாம்? எதை வைத்து அளப்பது?

சாதாரணமாக எல்லோரும் உடம்பை வைத்துத்தான் அளக்கிறார்கள். கால் ஓடுகிறதா, மூச்சு வாங்குகிறதா. தசரதன் கண்ணாடியில் காதோரம் ஒற்றை நரைமுடியைக் கண்டதும் ராமனுக்கு முடிசூட்ட முடிவெடுத்தான் என்று கம்பராமாயணம் வழியாகக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அழகான காட்சி. ஆனால் மைதானத்துக்கு அந்த அளவுகோல் போதாது. 1982-ல் இத்தாலி உலகக் கோப்பையை வென்றபோது கேப்டனாக இருந்த கோல்கீப்பர் டீனோ ஸோஃபுக்கு வயது 40. பிரேசிலுக்கு எதிரான ஆட்டத்தில் 3-2 என்று இத்தாலி முன்னிலையில் இருந்த கடைசி நிமிடங்களில், தலையால் முட்டிய ஒரு பந்தைக் கோல் கோட்டின் மேலேயே அமுக்கிப் பிடித்தார். நரையைப் பார்த்து அவரை அனுப்பியிருந்தால் அந்தப் பந்து உள்ளே போயிருக்கும். ஆக, மூத்தவரின் உடம்பில் பதில் இல்லை. பக்கத்தில் நிற்கும் இளையவனிடம்தான் தேட வேண்டும்.

இங்கே எனக்கு யயாதி கதை ஞாபகம் வருகிறது. சுக்கிராச்சாரியாரின் சாபத்தால் முதுமையடைந்த யயாதி, பிள்ளைகளிடம் இளமையைக் கடன் கேட்கிறான். நான்கு பேர் மறுக்கிறார்கள். கடைசிப் பிள்ளை புரு மட்டும் தன் இளமையைக் கொடுத்து, அப்பாவின் மூப்பை வாங்கிக்கொள்கிறான். ஆயிரம் வருடம் அனுபவித்த பிறகுதான் யயாதிக்கு உறைக்கிறது, ஆசை அனுபவித்துத் தீர்வதில்லை என்று. இளமையைத் திருப்பிக் கொடுத்து, புருவுக்கு முடிசூட்டிவிட்டுக் காட்டுக்குப் போகிறான். கதையில் எல்லோரும் யயாதியின் ஞானத்தைப் பேசுகிறார்கள். எனக்குப் புருவைப் பற்றித்தான் கவலை. அந்த ஆயிரம் வருடம் அவன் என்ன செய்துகொண்டிருந்தான்?

இதே ரோமாவில் ஒரு புரு உண்டு. தானியேலே டி ரோஸி. 2001-ல் முதல் ஆட்டம் ஆடினார். 22 வயதில் உலகக் கோப்பை வென்ற இத்தாலி அணியில் இருந்தார்; 2006 இறுதியாட்டத்தின் பெனால்டி ஷூட் அவுட்டில் கோல் அடித்தவர்களில் ஒருவர். ரோம் ஜனங்கள் அவருக்குப் பிரியமாக வைத்த பட்டப்பெயர் ‘வருங்காலக் கேப்டன்’. அந்த வருங்காலம் 2017 வரை வரவில்லை. டோட்டி இல்லாத ஆட்டங்களில் பட்டை டி ரோஸி கையில் இருக்கும். டோட்டி பெஞ்சிலிருந்து எழுந்து கோட்டருகே வந்தால் டி ரோஸி அதைக் கழற்றிக்கொண்டு போய்க் கொடுப்பார். முழுதாக அவர் கைக்கு வந்தபோது வயது 34. அல்டாயிர் கொடுத்த வயதைத் தாண்டிய பிறகுதான் இவருக்குக் கிடைத்தது. இரண்டு சீசன்தான். 2019 மே மாதம் ரோமாவை விட்டுப் போனார்.

டோட்டியைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. 786 ஆட்டம், 307 கோல், வாழ்நாள் முழுக்க ஒரே கிளப். 2016 ஏப்ரலில் டொரினோவுக்கு எதிராக ரோமா 1-2 என்று தோற்றுக்கொண்டிருந்தபோது 86-வது நிமிடம் இறங்கினார். வயது 39. இறங்கிய சூட்டோடு ஒரு கோல், சற்று நேரத்தில் பெனால்டியில் இன்னொன்று, ரோமா 3-2. இந்திய நேரத்துக்குப் பின்னிரவு. நான் போட்ட சத்தத்தில் வீடே எழுந்துவிட்டது. இதைச் சொல்லித்தான் என் நண்பர்கள் என்னை மடக்குவார்கள்: இப்படிப்பட்டவரையா பட்டையைக் கழற்றச் சொல்கிறீர்கள்?

இல்லை. அந்த இரண்டு கோலும் அவர் ஆட வேண்டும் என்பதற்குச் சாட்சி. பட்டை அவர் கையில்தான் இருக்க வேண்டும் என்பதற்குச் சாட்சி இல்லை. டி ரோஸிக்கு 27, 28 வயது ஆனபோதே டோட்டி பட்டையைக் கொடுத்துவிட்டு, டொரினோ ஆட்டத்தில் அதே இரண்டு கோலையும் அடித்திருக்கலாம். ஆடுவது வேறு, தலைமை வேறு. இரண்டையும் ஒரே முடிச்சாகப் போட்டுக்கொள்வதால்தான், பட்டை போனால் உயிரே போனதுபோல் மூத்தவர்கள் பிடித்துக்கொள்கிறார்கள். யயாதி திருப்பிக் கொடுத்ததும் புருவுக்கு இளமை அப்படியே வந்து சேர்ந்தது. ஆட்டக்காரனுக்கு அந்த வரம் கிடையாது.

நம் நாட்டில் இந்திய அணிக் கேப்டன் சுனில் சேத்ரி இந்த முடிச்சை அவிழ்க்காமல், ஒரே இரவில் முடிச்சோடு விடைபெற்றார். 2024 ஜூன் 6, கொல்கத்தா சால்ட் லேக் மைதானம், குவைத்துடன் 0-0. தலைமை, ஆட்டம், கோல் எல்லாம் சேர்ந்து அன்றே அணியை விட்டுப் போயின. ஒன்பது மாதம் கழித்து, 40 வயதில் திரும்பி வந்து, ஷில்லாங்கில் மாலத்தீவுக்கு எதிராகத் தன் 95-வது கோலை அடித்தார். அவர் திரும்பியதைத் தவறு என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஓர் அணி அவரைத் திரும்பக் கூப்பிடும் நிலையில் இருந்தது என்பது வருத்தம்தான்.

பயிற்சியாளர் முறை வைத்துப் பட்டையைக் கொடுப்பதும், மூத்தவர் தானே கொடுப்பதற்கு மாற்றாகாது. 2019 ஆசியக் கோப்பையில் பஹ்ரைன் ஆட்டத்துக்கு ஸ்டீபன் கான்ஸ்டன்டைன் பிரணாய் ஹல்தாரைக் கேப்டனாக்கினார். சேத்ரியும் அதே ஆட்டத்தில் ஆடினார். டிரா செய்தாலே அடுத்த சுற்று கிடைத்திருக்கும். இஞ்சுரி டைமில் ஹல்தார் செய்த ஃபவுலுக்குப் பெனால்டி, 0-1, இந்தியா வெளியே. பட்டைமீது பழி போட முடியாது, எவர் கையில் இருந்தாலும் அந்த ஃபவுல் நடந்திருக்கலாம். ஆனாலும் பட்டியல் போட்டுத் தருவதும், ஒரு மூத்தவர் இவன்தான் என்று பார்த்துத் தன் கையால் மாட்டிவிடுவதும் ஒன்றாகாது.

என் பள்ளியில் கேப்டன் என்றால் பன்னிரண்டாம் வகுப்புப் பையன்தான் என்று ஒரு வழக்கம் இருந்தது. நான் அதை மாற்றினேன். ஜூன் மாதம் பள்ளி திறந்ததும், பன்னிரண்டாம் வகுப்புக்கு வந்துவிட்ட பழைய கேப்டன் பதினொன்றாம் வகுப்புப் பையன் கையில் பட்டையைத் தானே மாட்டிவிட வேண்டும். அந்த வருடம் முழுக்கப் புதியவன் சொல் கேட்டு ஆட வேண்டும். பழைய கேப்டன் ஒருவனின் அப்பா நேரே மைதானத்துக்கே வந்துவிட்டார். “சார், என் பையன் என்ன தப்பு பண்ணினான்?”

“ஒரு தப்பும் பண்ணலைங்க. அதனாலதான் அவனை டீம்ல வெச்சிருக்கேன்” என்றேன். அவருக்கு அது பதிலாகப் படவில்லை. பக்கத்தில் நிறுத்தி ஆட்டத்தைக் காட்டினேன்.

பெனால்டி ஏரியாவுக்கு வெளியே ஃப்ரீ கிக் கிடைக்கும். யார் அடிப்பது என்று தெரியாமல் பையன்கள் தலையைத் திருப்புவார்கள். முதல் சில வாரம் எல்லாக் கண்ணும் பழைய கேப்டன்மேல்தான் போகும். அப்போது அவன் செய்யவேண்டியது ஒன்றுதான். வாயைத் திறக்காமல், கையை நீட்டாமல், புதுக் கேப்டனைத் திரும்பிப் பார்க்க வேண்டும். மற்றவர்களின் தலையும் அந்தப் பக்கம் திரும்பிவிடும். இதை அவன் களத்தில் இருந்தால்தான் செய்ய முடியும். பட்டம் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனவனால் முடியாது. ஒருநாள் ஃப்ரீ கிக் கிடைத்ததும் யாரும் அவனைப் பார்க்காமல் புதியவனையே பார்ப்பார்கள். அன்றைக்குத்தான் பட்டை உண்மையிலேயே கை மாறியிருக்கிறது.

சில பையன்களுக்கு இது லேசில் வராது. எல்லோரும் தன்னைப் பார்க்கும்போது கண்ணை விலக்க அவர்களால் முடியாது. பந்தை எடுத்து வைத்துவிடுவார்கள். அவர்களை நான் திட்டியதில்லை. மறுநாள் பயிற்சியில் அதே இடத்தில் பந்தை வைத்து, அதே ஃப்ரீ கிக்கை மறுபடி கொடுப்பேன்.