மெழுகிய கை

பூம்பாறையில் எங்கள் வீட்டுத் தரை மண்தரை. வெள்ளிக்கிழமை தோறும் அம்மா சாணியைக் கரைத்து, மண்டியிட்டுப் பின்னோக்கி நகர்ந்துகொண்டே மெழுகுவார். ஈரம் காயும்வரை நானும் தம்பியும் திண்ணையில் பூண்டுக் கட்டுகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்போம்.

சென்ற ஆண்டு காரைக்குடிப் பக்கம் ஒரு பழைய செட்டிநாட்டு வீட்டில் தரையைச் சீரமைப்பதைப் பார்த்தேன். உடைந்த கற்களைப் பெயர்த்துவிட்டு, அதே பூவேலையில் ஆத்தங்குடியில் செய்த புதிய கற்களைப் பதித்தார்கள். ஆத்தங்குடிக் கல் சூளையில் வேகுவதில்லை. கண்ணாடித் துண்டின்மேல் உலோக அச்சை வைத்து, நிறம் கலந்த சிமெண்டுக் கரைசலைக் கட்டம் கட்டமாக ஊற்றுகிறார்கள். அச்சை எடுத்தபின் மணலும் சிமெண்டும் கலந்த பொடியைத் தூவி, மேலே சாந்தை வைத்து மட்டம் செய்கிறார்கள். பிறகு தண்ணீரில் ஊறவைத்துக் காயவைக்கிறார்கள். கல்லுக்கு முதல் வழவழப்பு கண்ணாடி தருவது. பழைய தரையின் மினுமினுப்போ நடந்த காலும் துடைத்த கையும் தந்தது.

இரண்டாம் கட்டில் தூணோரம் ஒரு கல் தேய்ந்து நிறம் மங்கியிருந்தது. அதையும் மாற்றச் சொன்னார்கள். எத்தனை தலைமுறைப் பெண்கள் அங்கே உட்கார்ந்து எழுந்தார்களோ என்று எனக்கு மனம் பதறியது. செட்டிநாட்டு ஊர்கள் 2014இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்ந்தன, தமிழ் வணிகர்களின் ஊர்த்தொகுதிகள் என்ற பெயரில். பர்மாவுக்குக் கப்பலேறியவர்கள் தலைப்பில் இருக்கிறார்கள். ஊரிலிருந்து அந்த வீடுகளைக் கட்டிக்காத்த பெண்கள் தலைப்பில் இல்லை. தரையைத் துடைத்த வேலைக்காரப் பெண்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இந்தக் கோபத்தோடு ஊருக்குப் போனபோது தம்பி டைல்ஸ் போடப் பேசிக்கொண்டிருந்தான். நான் மறுத்தேன். அந்த மண்தரையும் மரபுதான், அது அம்மாவின் கைவேலை, அழிக்கக்கூடாது என்றேன். அம்மா முழங்காலைத் தடவிக்கொண்டே கேட்டார்:

“அப்ப வெள்ளிக்கிழம வெள்ளிக்கிழம நீ வந்து மொழுகுறியா பாப்பா?”

என்னிடம் பதில் இல்லை. கல்தரை ஒருமுறை பதித்தால் நூறாண்டு இருக்கும். அதனால் அது பாரம்பரியம். மண்தரை வாரந்தோறும் ஒரு பெண் குனிந்தால்தான் இருக்கும். அதனால் அது வீட்டுவேலை. இந்தப் பாகுபாட்டை எதிர்ப்பதாக நினைத்த நானே, அம்மாவின் முழங்காலைக் கணக்கில் சேர்க்காமல் அழகைக் காப்பாற்றப் பார்த்திருக்கிறேன். எதையும் காப்போம் என்று சொல்லும்முன், காக்கும் உழைப்பு யாருடையது, அவருக்கு அதில் விருப்பம் உண்டா என்று கேட்டாக வேண்டும். கேட்காமல் காப்பது, அவரை மறுபடியும் மண்டியிட வைப்பது.

டைல்ஸ் போட்டாயிற்று. மலைக்குளிரில் கால் வைக்க முடியவில்லை. “சாக்கை விரிச்சுக்கிறேன்” என்கிறார் அம்மா. இனி யார் துடைப்பது என்று தம்பியிடம் கேட்டிருக்கிறேன். அவன் இன்னும் பதில் சொல்லவில்லை.