அடுப்பு ஓய்ந்த நாளில் சமைக்கும் தீ

தைப்பூசத்தை முன்னிட்டுப் பினாங்கில் ஒரு மண்டலம், அதாவது 48 நாள், விரதம் ஏற்கும் அடியார்களுள் சிலர், நிறைவு நாள்கள் நெருங்க நெருங்க அடுப்பில் ஏற்றிய உணவைக் குறைத்துக்கொண்டு, பாலும் பழமும், நீரில் ஊறிய அவலும் பருப்புமாக ஒரு வேளையை முடித்துக்கொள்கின்றனர். இவ்வழக்கத்தை உடலை வருத்தும் தவம் என்று கருதுவோர் உண்டு. வேலைக்குச் செல்லும் குடும்பங்களுக்கு இது சமையலறைச் சுமையைக் குறைக்கும் எளிய வழி என்று கருதுவோரும் உண்டு. இரு சாராரும் உணவு தட்டுக்கு வரும் வரையில்தான் பார்க்கின்றனர். அது வயிற்றுக்குள் சென்ற பின் யாரால் சமைக்கப்படுகிறது என்பதே ஆன்மீக நோக்கில் முதன்மையான வினாவாகும்.

பகவத் கீதையின் 15ஆம் அத்தியாயம் 14ஆம் சுலோகத்தில், இறைவன் உயிர்களின் உடலுக்குள் வைசுவாநரன் என்னும் தீயாக இருந்து, பிராணன், அபானன் என்னும் காற்றுகளோடு கூடி, நால்வகை உணவையும் சமைப்பதாகக் கூறப்படுகிறது. வைசுவாநரன் என்பது செரிமானத்தை நடத்தும் வயிற்றுத் தீ. சாடராக்கினி என்றும் அதனைச் சொல்வர். உரையாசிரியர்கள் நால்வகை உணவைக் கடித்துத் தின்னும் பக்ஷ்யம், மென்மையாக விழுங்கும் போஜ்யம், நக்கிச் சுவைக்கும் லேஹ்யம், உறிஞ்சி உண்ணும் சோஷ்யம் என்று பிரிக்கின்றனர். இதன்படி, சமைக்காத உணவு என்று உலகில் ஒன்றுமே இல்லை. அடுப்பை மூட்டாத நாளில், வெளித் தீ செய்ய வேண்டிய வேலையும் சேர்த்து உள்ளிருப்பவனிடம் ஒப்படைக்கப்படுகிறது, அவ்வளவே. ஆகவே பச்சையுணவு தயாரிப்பவர், அந்த வேலையை எவ்வளவு இலேசாக்கிக் கொடுக்க முடியும் என்று எண்ணியே ஊறவைப்பதையும் துருவுவதையும் அளவு குறைப்பதையும் செய்தல் வேண்டும்.

வானப்பிரத்த நெறியை, அதாவது இல்லறம் முடித்துக் காடேகியவரின் வாழ்க்கை முறையை, விளக்கும் பழைய தரும நூல்கள், தீயால் பக்குவமானதை உண்பவர், காலத்தால் பக்குவமானதை உண்பவர் என இரு திறத்தாரைச் சொல்லி, தானியத்தைக் கல்லால் இடித்து உண்பவரையும், பல்லையே உரலாகக் கொண்டவரையும் அவர்களோடு சேர்க்கின்றன. பல்லையே உரலாகக் கொள்ளுதல் என்பது நூலுக்கு அழகான சொல்லாட்சியாக இருக்கலாம். பச்சைப்பயற்றை அவசரமாக மென்று விழுங்கி வயிறு உப்பியவருக்கு அது நேரடியான அறிவுரை. பிசாங் பெராங்கான் என்னும் வாழையின் காய் நான்கைந்து நாளில் மாவுச்சத்து சர்க்கரையாக மாறிக் கனிவது காலம் செய்யும் சமையலாகும். காலம் சமைக்காதவற்றைத் தீயிடம் விடுவதே முறை: மரவள்ளிக் கிழங்கைப் பச்சையாகத் தின்றால் அதிலுள்ள சயனைடு நஞ்சு கெடுதி செய்யும், சேம்பு தொண்டையை அரிக்கும், வேகாத ராஜ்மா போன்ற பெரிய பயறுகள் வாந்தியும் பேதியும் தரும்.

பினாங்குத் தமிழர் இல்லங்களுக்குச் சமைக்காத நைவேத்தியம் புதிதன்று. மடைப்பள்ளியில் ஆக்கிய அன்னத்தை இறைவன் முன் வைக்கும் உரிமை மரபுப்படி சிலருக்கே இருந்தபோது, தேங்காயும் வாழைப்பழமும் வெற்றிலை பாக்கும் அடங்கிய அர்ச்சனைத் தட்டு, துறைமுகத்தில் மூட்டை சுமந்தவருக்கும் தோட்டத்தில் கூலிக்கு உழைத்தவருக்கும் எட்டும் படையலாக இருந்தது. ஜார்ஜ் டவுன் குயின் வீதியில் 1833இல் எழுந்த மகாமாரியம்மன் ஆலயத்துக்கு இன்றும் அந்தத் தட்டோடுதான் மக்கள் செல்கின்றனர். கீதையின் 9ஆம் அத்தியாயமும் இலை, பூ, கனி, நீர் என்ற நான்கை மட்டுமே அன்பின் காணிக்கையாகப் பெயர் சொல்லிக் குறிக்கிறது. அந்நான்கில் எதற்கும் அடுப்பு தேவையில்லை.

இனி, வீட்டில் செய்யத்தக்கவற்றுள் முதலிடம் பெறுவது கோசுமல்லி. இராமநவமியன்று பானகம், நீர்மோர் ஆகியவற்றோடு படைக்கப்படும் வடைப்பருப்பும் இதுவே. ஊறிய பாசிப்பருப்பை வேகவைக்காமல் அப்படியே உண்ணும் பண்டம். ஒரு கோப்பைப் பாசிப்பருப்பை நீர் தெளியும் வரை மும்முறை கழுவி ஒரு மணி நேரத்திலிருந்து ஒன்றரை மணி நேரம் வரை ஊறவைத்தால் போதும். ஒரு பருப்பை நகத்தால் கிள்ளும்போது உள்ளே வெள்ளைப் பொடி தெரியாமல் சுத்தமாக இரண்டாக உடைந்தால் அது பதம். அதற்கு மேலும் நீரில் கிடந்தால் பருப்பு கொழகொழத்துப் புளிப்பு வாடை எழும். நீரை முற்றிலும் வடித்து, பொடியாக அரிந்த வெள்ளரிக்காய், துருவிய கேரட், கிடைத்தால் மாங்காய், ஒரு பிடி தேங்காய்த்துருவல், கீறிய பச்சை மிளகாய், கொத்தமல்லித் தழை ஆகியவற்றைக் கலந்து, லிமாவ் கஸ்தூரி எனப்படும் சிறிய எலுமிச்சையில் நான்கைந்தைப் பிழிதல் வேண்டும். உப்பை மட்டும் பரிமாறும் நேரத்தில்தான் சேர்க்க வேண்டும். முன்கூட்டியே சேர்த்தால் வெள்ளரி நீர் விட்டு, பண்டம் முழுவதும் தளர்ந்துவிடும். கடுகு தாளிப்பது வழக்கமெனினும், அடுப்பில்லாத நாளில் அது இல்லாமலும் குறையொன்றுமில்லை; எலுமிச்சையும் இஞ்சித் துருவலும் அவ்விடத்தை நிரப்பும்.

ஊறவைக்கும் அந்த ஒரு மணி நேரத்தைக் கணக்கில் கொள்ளாமல் இதனைப் பத்து நிமிட உணவு என்று விளம்பரம் செய்வது பொருத்தமன்று. கையால் செய்யும் வேலை பத்து நிமிடமே, எஞ்சியது காத்திருத்தல். சைவ சித்தாந்தம் ஆணவ மலம் பக்குவமடைவதை மலபரிபாகம் என்று கூறி, அப்பக்குவம் அமைந்த உயிரிலேயே சத்திநிபாதம், அதாவது திருவருள் பதிதல், நிகழும் என்று உரைக்கிறது. அங்கும் உயிர் தன் முயற்சியால் காலத்தை முந்த முடியாது. முயற்சியை விட்டுவிடவும் முடியாது. காலையில் வேலைக்குப் புறப்படுமுன் பருப்பைக் கழுவி நீரில் இட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வைத்துச் செல்லும் இல்லத்தார், மாலை விளக்கேற்றும்போது படையலைக் கையில் கொண்டிருப்பர். குளிரில் பருப்பு மெதுவாக ஊறுமாதலால் அந்த நீண்ட நேரம் கெடுதலாகாது.

அவல், குசேலர் கண்ணனுக்குக் கொண்டு சென்ற உணவு என்ற பெருமையால் விரத உணவில் நிலையான இடம் பெற்றது. நெல்லை ஊறவைத்து, வறுத்து, தட்டையாக இடித்தே அவல் ஆக்கப்படுவதால், கடுமையான பச்சையுணவுக்காரர் அதனை ஏற்க மாட்டார். அப்படிப் பார்த்தால் கருப்பஞ்சாற்றைக் காய்ச்சி எடுக்கும் வெல்லமும் விலக்கப்பட வேண்டியதே. இல்லத்து விரதத்துக்கு அவ்வளவு நுணுக்கம் வேண்டியதில்லை. கெட்டி அவலை இருமுறை அலசி வடித்து, அர்ச்சனைக்கு உடைத்த தேங்காயின் நீரைத் தெளித்துப் பத்து நிமிடம் மூடி வைத்தால், மணிமணியாக மெத்தென்று ஆகும். நாட்டுச் சர்க்கரை, தேங்காய்த்துருவல், ஏலம், நறுக்கிய பிசாங் மாஸ் வாழைப்பழம் சேர்த்தால் ஒரு வேளை நிறையும். தைப்பூசத்தில் முருகனின் வெள்ளி ரதம் பினாங்கு வீதியிலுள்ள நகரத்தார் கோவில் வீட்டிலிருந்து தண்ணீர்மலைக் கோவிலை நோக்கி ஊர்ந்து செல்லும் வழியில் மலைமலையாக உடைபடும் தேங்காய்களில் பெரும்பகுதி குப்பை வண்டிக்கே போகிறது; தேங்காய் உடைப்பதில் அளவு வேண்டும் என்று பினாங்கு பயனீட்டாளர் சங்கம் விடுத்த வேண்டுகோள் சமயத்துக்கு எதிரானதன்று. உடைத்த காயின் நீரும் பருப்பும் ஓர் அடியாரின் அவலில் சேர்வதே அக்காணிக்கையின் நிறைவு.

லேஹ்யத்துக்குப் பஞ்சாமிர்தத்தை விடச் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை. வாழைப்பழத்தைப் பிசைந்து சர்க்கரை, தேன், நெய், பேரீச்சை, கற்கண்டு, ஏலம் சேர்த்து ஒரு துளி நீரும் விடாமல் கலப்பதே அதன் இரகசியம். சர்க்கரை ஈரத்தைக் கட்டிவிடுவதால் அது எளிதில் கெடுவதில்லை. பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சோஷ்யத்துக்கு ஒரு நல்ல மாம்பழம் போதும். பானகத்துக்கு ஒரு லிட்டர் நீரில் ஏறக்குறைய 150 கிராம் வெல்லத்தைக் கரைத்து வடிகட்டி, சுக்குப் பொடியும் ஏலமும் எலுமிச்சையும் சேர்ப்பர். மழை குறைந்து வெயில் கொளுத்தும் தை மாதத்தில், வெறுங்காலோடு தார்ச்சாலையில் நடந்து வரும் அடியாருக்கு இதுவே மருந்து. ஆனால் இன்று தண்ணீர்ப் பந்தல்கள் பலவற்றில் நிறமூட்டிய சீராப் பானம் இதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது வருந்தத்தக்க மாற்றம்.

காய்கறிக்கு ஜார்ஜ் டவுனின் சௌராஸ்தா சந்தைக்குச் சென்றால், மலாய் மக்கள் ஊலாம் என்று சோற்றோடு பச்சையாக உண்ணும் கீரை வகைகள் கட்டுக்கட்டாகக் கிடைக்கும்; அவற்றுள் பெகாகா எனப்படுவது தமிழரின் வல்லாரையே. செங்குவாங் என்னும் கிழங்கு, தோலை உரித்துத் துருவினால் தேங்காய் போல வெண்மையாகவும் நீர்ச்சத்தோடும் இருக்கும். பினாங்கின் பசெம்பூர் என்னும் கலவை உணவில் அது வெள்ளரியோடு சேர்வதை எல்லோரும் அறிவர். அச்செடியின் கிழங்கு மட்டுமே உண்ணத்தக்கது; விதை நஞ்சு. தழைகளைக் கட்டோடு நீரில் முக்கி எடுக்காமல், ஓடும் நீரில் இலை இலையாகப் பிரித்துக் கழுவுதல் வேண்டும்.

கீதையின் 17ஆம் அத்தியாயம் தாமச உணவைச் சொல்லும்போது யாதயாமம் என்ற ஒன்றை முதலில் வைக்கிறது. சங்கரர் அதற்கு அரைவேக்காடு என்று பொருள் கொள்ள, வேறு சிலர் சமைத்து ஒரு யாமம், அதாவது மூன்று மணி நேரம், கடந்த உணவு என்கின்றனர். பச்சையுணவுக்கு இந்த இரண்டாம் பொருளே மிகவும் பொருந்தும். இன்னும் சொல்லப்போனால், மூன்று மணி என்பதே இங்கு தாராளம். நறுக்கிய கனியையும் துருவிய தேங்காயையும் வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கலாகாது என்றும், வெப்பம் 32 பாகை செல்சியஸைக் கடந்தால் ஒரு மணி நேரமே எல்லை என்றும் இன்றைய உணவுப் பாதுகாப்பு நெறிகள் கூறுகின்றன. முளைகட்டிய பயறு இன்னும் கவனத்துக்குரியது: பயற்றை முளைக்கச் செய்யும் அதே ஈரமும் வெப்பமும் கிருமிகளையும் வளர்க்குமாதலால், கருவுற்ற பெண்கள், குழந்தைகள், முதியோர், நோயுற்றோர் ஆகியோர்க்கு அதனைப் பச்சையாகத் தருவது தகாது.

காந்தியடிகள் 1929இல் முளைத்த கோதுமை, அரைத்த தேங்காய், பச்சைக் காய்கறி, எலுமிச்சை, தேன் போன்ற சமைக்காதவற்றை மட்டும் உண்டு பார்க்கும் சோதனையை மேற்கொண்டு, அதனை யங் இந்தியா இதழில் வெளிப்படையாக எழுதி வந்தார். அவ்வாண்டு ஆகஸ்டு மாதம் வயிற்றுக்கடுப்பு கண்டு அதனை நிறுத்தினார். கொள்கையில் அவ்வளவு உறுதி படைத்தவரே உடலின் மறுப்பைக் கேட்டு விலகினார் என்பது, விரதத்தை வீம்பாக்கிக்கொள்வோர் எண்ணிப் பார்க்க வேண்டியது. உள்ளிருக்கும் தீ எல்லோரிடத்தும் ஒரே அளவில் எரிவதில்லை. நீரிழிவு உள்ளவர் பழமும் வெல்லமும் நிறைந்த இந்த உணவை மருத்துவரைக் கேட்டே கொள்ள வேண்டும். தள்ளாத வயதினர் இளஞ்சூடான கஞ்சி குடித்து விரதம் இருப்பதில் யாதொரு குறையும் இல்லை.

பூசம் முடிந்து மூன்றாம் நாள் இடும்பன் பூசையோடு விரதம் நிறைவுறும்போது, பல நாள் கனியும் அவலும் உண்டு பழகிய வயிற்றில் அன்றே காரசாரமான கறிக்குழம்பை இறக்குவோர் உண்டு. அன்றைய முதல் உணவு குழைய வடித்த சோறும் பருப்பும் நெய்யுமாக இருத்தல் நலம். காரமும் எண்ணெயும் இரண்டு மூன்று நாள் கழித்துப் படிப்படியாகத் திரும்பலாம்.