புள்ளியும் நீதியும்

'திறமைக்கே இடம்' என்னும் முழக்கம் செவிக்கு இனிமையானது. அதனை மறுத்துரைப்போரும் அரியர். ஆயினும், திறமை என்று எதனை அளக்கின்றோம் என்ற வினாவை எழுப்பாமலே அம்முழக்கத்தை ஏற்பது ஆசிரியராகிய நமக்குத் தகுமா?

1970களின் தொடக்கத்தில் வந்த தரப்படுத்தல் நம்மவர் நெஞ்சில் இன்னும் ஆறாத வடுவாகும். மருத்துவக் கல்விக்குத் தமிழ்மொழி மூலம் தோற்றியவர் 250 புள்ளி பெறவேண்டியிருக்க, சிங்கள மொழி மூலம் தோற்றியவருக்கு 229 போதுமானதாயிற்று. மொழியை அளவுகோலாக்கிய அச்செயலுக்குச் சமாதானம் எதுவுமில்லை. ஆனால், அதனை எதிர்த்த வேகத்தில், பரீட்சைப் புள்ளி ஒன்றே நீதி என்று பேசவும் நம்மிற் பலர் பழகிவிட்டனர். இங்குதான் நாம் வேறுபடுகின்றோம்.

இன்று மருத்துவம், பொறியியல் போன்ற துறைகளில் 40 சதவீத இடங்கள் நாடளாவிய திறமைக்கும், 55 சதவீதம் மாவட்டங்களின் மக்கள்தொகைக்கேற்பவும், 5 சதவீதம் கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகின்றன. வாய்ப்பு ஒவ்வாதவிடத்துப் புள்ளியை மட்டும் ஒப்பிடலாகாது என்பதே இதன் உட்பொருள். நல்ல கொள்கைதான். ஆனால், மாவட்டம் என்பது ஒரு மனிதனா? மாவனல்லை நகரத்து வணிகர் மகனும் தெரணியகலைத் தோட்டத்து லயத்திற் பிறந்தவளும் கேகாலை மாவட்டம் என்ற ஒரே பெயரின் கீழ் நிற்கின்றனர். பின்தங்கிய மாவட்டப் பட்டியலில் இரத்தினபுரி உண்டு, கேகாலை இல்லை. மலைக்கு அப்பாலும் அதே றப்பர், அதே தேயிலை, அதே பிரட்டுக்களம். எல்லைக்கோடு மட்டுமே வேறு.

2001 முதல் வழக்கிலுள்ள இசட் புள்ளி, ஒரு பாடத்தின் சராசரியிலிருந்து மாணவர் எவ்வளவு தூரம் விலகி நிற்கிறார் என்று கணித்து, பாடங்களின் கடினவேற்றுமையைச் சமன்செய்கிறது. லயத்திலிருந்து பாடசாலைக்குள்ள தூரத்தை அது கணிப்பதில்லை. தோட்டப் பாடசாலைகளை அரசு முறையாகப் பொறுப்பேற்றதே 1970களின் பிற்பகுதியிற்றான். இலவசக் கல்வியோ 1945இல் வந்துவிட்டது. இடைப்பட்ட முப்பது ஆண்டுகளை எந்தச் சூத்திரத்தில் இட்டு நிரப்புவது?

நம் மாணவி ஒருத்தியின் நினைவு வருகின்றது. தாய் பால் வெட்டப் புறப்படும் இருட்டிலேயே எழுந்து, தம்பிமாருக்கு ரொட்டி சுட்டு வைத்துவிட்டு வருவாள். அவள் கற்ற பாடசாலையில் தமிழ்மொழி மூலம் உயர்தர விஞ்ஞான வகுப்பு இல்லை, கலைப்பிரிவிலேயே சேர்ந்தாள். உயிரியலில் அவள் திறமையைச் சோதித்தறிய ஒரு பரீட்சை மண்டபமே அவளுக்கு வாய்க்கவில்லை. வெட்டுப்புள்ளி பற்றிய நம் வாதங்கள் அனைத்தும் அந்த வாயிலுக்கு அப்பால் நிகழ்பவை.

மாவட்டத்தை விடுத்து, மாணவர் கற்ற பாடசாலையையும் பெற்றோரின் தொழிலையும் கணக்கிற் கொள்ளலாம் என்கின்றோம். பொய்ச் சான்றிதழ்கள் பெருகும் என்பர். உண்மைதான், பெருகக்கூடும். ஆயின், வசதியுள்ளோர் விலைகொடுத்துப் பெறும் ரியூசன் வகுப்புப் புள்ளிகளை மட்டும் எவரும் பொய்யென்று அழைப்பதில்லையே.

'மீண்டும் ஒருமுறை தோற்றிப் பார்' என்று அவளிடம் கூறினோம். தலையசைத்தாள். அடுத்த மாதமே அவிசாவளையில் ஆடைத் தொழிற்சாலை வேலைக்குச் சென்றுவிட்டாள்.