பழைமையும் இடித்துரையும்: மேற்கு வங்க இடது முன்னணி ஆட்சியை முன்வைத்து ஓர் அறவியல் நோக்கு

முன்னுரை

நெடுங்காலம் ஆண்ட அரசொன்றிலிருந்து அதன் மரபுவழி ஆதரவாளர்கள் விலகும்போது, நன்றி மறந்தவர் யார் என்னும் வினா எழுகின்றது. விலகியவரை நன்றியற்றோர் என்று கட்சி கருதுகின்றது. கட்சியே கொள்கையைக் கைவிட்டது என்று விலகியவர் கூறுகின்றனர். 1977 முதல் 2011 வரை 34 ஆண்டுகள் மேற்கு வங்கத்தை ஆண்ட இடது முன்னணியின் வரலாறு இவ்வினாவை ஆராய்வதற்குத் தக்க சான்றாகும். திருக்குறள் நட்பியலில் காணப்படும் பழைமை, இடித்துரை என்னும் இரு கருத்துகளின் துணைகொண்டு இக்கட்டுரை அவ்வினாவை அணுகுகின்றது.

ஆதரவின் வேர்

இடது முன்னணிக்குக் கிட்டிய ஆதரவு வெறும் தேர்தல் ஆதரவு அன்று. 1946-47ஆம் ஆண்டுகளில் விளைச்சலில் மூன்றில் இரு பங்கு கோரி வாரக்குடிகள் நடத்திய தேபாகா இயக்கம் அதன் வேர்களுள் ஒன்றாகும். 1978இல் தொடங்கிய பர்கா நடவடிக்கையின்வழி ஏறத்தாழ 14 இலட்சம் வாரக்குடிகளின் பெயர்கள் பதிவேட்டில் இடம்பெற்றன. நிலவுடைமையாளரின் விருப்பத்தைச் சார்ந்திருந்த உழவர்க்குச் சட்டப் பாதுகாப்பும் வழிவழி உரிமையும் கிட்டின. அதே ஆண்டில் நடைபெற்ற பஞ்சாயத்துத் தேர்தல் ஊராட்சியை எளிய மக்களுக்கு அருகில் கொணர்ந்தது. முன்னணி தொடர்ந்து ஏழு சட்டமன்றத் தேர்தல்களில் வென்றமைக்கு இவையே அடிப்படை எனலாம்.

மனமுறிவு

2006ஆம் ஆண்டுத் தேர்தலில் 294 இடங்களுள் 235 இடங்களை முன்னணி பெற்றது. வேளாண்மை நம் அடித்தளம், தொழில் நம் எதிர்காலம் என்பது அப்போதைய முழக்கம். வேளாண் வளர்ச்சி தளர்ந்து, இளைஞர்க்கு வேலை அரிதாகியிருந்த நிலையில் தொழில்வளம் நாடியது பிழையன்று. ஆயின், சிங்கூரில் மகிழுந்துத் தொழிற்சாலைக்கென 997 ஏக்கர் நிலத்தை 1894ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கொண்டு அரசு கையகப்படுத்தியது. உழவரை நிலத்தில் நிலைநிறுத்திய அரசே, குடியேற்ற ஆட்சிக்காலச் சட்டத்தால் அவரை நிலத்திலிருந்து வெளியேற்ற முற்பட்டது.

நந்திகிராமம் தேபாகா இயக்கக் களங்களுள் ஒன்று. 2006இலும் இடது முன்னணி வேட்பாளரையே தேர்ந்தெடுத்த தொகுதி. அங்கு 2007 மார்ச் 14ஆம் நாள் காவல்துறை துப்பாக்கிச் சூட்டில் 14 பேர் உயிரிழந்தனர். அதே ஆண்டு நவம்பரில் கட்சியினர் அப்பகுதியை மீண்டும் கைப்பற்றியபோது, எதிர்த்தரப்பினர் செய்ததற்கு உரிய பதிலையே பெற்றனர் என்னும் பொருள்பட முதலமைச்சர் புத்ததேவ் பட்டாச்சார்யா பேசினார். குடிகள் அனைவர்க்கும் பொதுவாக இருக்க வேண்டிய அரசு, நம்மவர் என்றும் அயலவர் என்றும் அவர்களைப் பிரித்த தருணம் இது.

இதனைக் கண்டித்தவர்கள் பகைவர் அல்லர். 1977இல் அமைந்த அமைச்சரவையின் நிதியமைச்சரான அசோக் மித்ரா வெளிப்படையாகக் கண்டித்தார். வரலாற்றறிஞர் சுமித் சர்க்கார் மாநில அரசு தமக்களித்த இரவீந்திர விருதைத் திருப்பியளித்தார்.

நன்றியும் உரிமையும்

நிலம் தந்த கட்சியைக் கைவிடுவது செய்ந்நன்றி கொல்வதாகாதா என்னும் வாதம் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. எனினும், வாரக்குடியின் பெயரைப் பதிவு செய்தபோது அரசு வழங்கியது கொடையன்று. முன்பே உரியதாயிருந்ததை அது ஏற்றுக்கொண்டது. நிலம் உழுபவரின் உரிமை என்று அவருக்குக் கற்பித்ததும் அக்கட்சியே. உரிமை என்று கற்பித்ததைப் பின்னர்க் கடனாகக் கணக்கிடுவது முரணாகும். சிங்கூர் உழவர் தம் நிலத்தைக் காக்க நின்றபோது கட்சியின் பழைய பாடத்தையே ஓதினர்; பாடத்தை மறந்தது ஆசிரியர் இடத்திலிருந்த கட்சியே.

பொறுத்தலின் எல்லை

பழைமை என்னும் 81ஆம் அதிகாரம், நெடுநாள் நண்பர் உரிமையால் செய்யும் பிழைகளைப் பொறுக்கச் சொல்கின்றது. நட்பு என்னும் 79ஆம் அதிகாரமோ, நண்பர் வரம்பு மீறுமிடத்து முற்பட்டு இடித்துரைப்பதே நட்பின் பயன் என்கின்றது. இவ்விரண்டும் முரண்படுவனபோல் தோன்றலாம். கூர்ந்து நோக்கின், பழைமை பொறுக்கச் சொல்வது நண்பர் தனக்கு இழைத்த பிழையையே. பிறர்க்கு இழைத்த தீங்கைப் பாதிக்கப்பட்டவர் சார்பில் பொறுத்துக்கொள்ளும் அதிகாரம் எந்த நண்பர்க்கும் இல்லை. இவ்வேறுபாடே ஆதரவாளர் அறத்தின் அளவுகோலாகும்.

இவ்வளவுகோல் ஆதரவாளரையும் அளக்கின்றது. தண்டகாரண்யத்திலிருந்து வந்து சுந்தரவனத்தின் மரிச்ஜாப்பித் தீவில் குடியேறிய அகதிகளை 1979இல் இவ்வரசு முற்றுகையிட்டு வெளியேற்றியது. அகதிகளும் இடதுசாரி இயக்கத்தின் பழைய துணைவர்களே. அன்று ஆதரவாளருள் பலர் வாளாவிருந்தனர். நிலச்சீர்திருத்தத்தின் நன்மையை எண்ணிப் பொறுத்தனர். ஆனால் பொறுக்கப்பட்ட துன்பம் அவர்களுடையதன்று. இடிப்பாரில்லாத ஆட்சி கெடுப்பாரின்றியும் கெடும் என்னும் 45ஆம் அதிகாரக் கருத்து இங்குப் பொருந்துகின்றது. 2007இன் இடித்துரை 1979இல் எழுந்திருப்பின், பழகிய செவி அதனைக் கேட்டிருக்கக் கூடும்.

முடிவுரை

2011இல் முன்னணி 62 இடங்களே பெற்றது; 2021இல் ஓரிடமும் பெறவில்லை. சிங்கூர் நில எடுப்பு செல்லாது என்று 2016இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தொழிற்சாலை 2008லேயே குஜராத்துக்குச் சென்றுவிட்டமையால் நிலம் உழவர்க்குத் திரும்பியதேயன்றி இளைஞர்க்கு வேலை வரவில்லை. எனவே விலகியவர் எல்லாவற்றையும் வென்றனர் என்றல் இயலாது. ஆயினும் விளைவு வேறு, அறம் வேறு. பழைய ஆதரவாளரின் விலகல் நன்றி கோறல் அன்று. காலந்தாழ்ந்து வந்த இடித்துரை. அவர்பால் குறையுண்டெனின், அது விலகியதில் இல்லை, தாழ்த்ததில்தான் உள்ளது.