சாம்பலும் சான்றும்

மண்ணிலே புதைந்து கிடக்கும் எலும்பு தன் வயதைத் தானே கூறுவதில்லை. ஐம்பதாயிரம் ஆண்டுகள் வரையில் கரியைக் கொண்டு கணக்கிடும் முறை உதவும். அதற்கப்பால், இலட்சக்கணக்கான ஆண்டுகளைக் கடந்துவிட்ட எலும்பு அந்தக் கணக்கின் முன்னே ஊமை. ஊமைக்காக வேறொருவர் பேசியாக வேண்டும். அவ்வாறு பேச வருபவர் நிலநூல் அறிஞர். அவர் அழைத்து வரும் சாட்சி, எலும்புக்கு மேலும் கீழும் படிந்து கிடக்கும் எரிமலைச் சாம்பல்.

இவ்விடத்தில் ஒரு வினா எழுகிறது. ஆராய்ச்சிக் கூடத்தின் வாயிலோடு நின்றுவிடாத வினா. நாம் விரும்பியதையே ஒரு சாட்சி சொல்லும்போது அவனை எவ்வளவு தூரம் குறுக்கு விசாரணை செய்கிறோம்? விரும்பாததைச் சொன்னால் துருவித் துருவிக் கேட்கிறோம். விரும்பியதைச் சொன்னாலோ மாலை சூட்டி மேடையேற்றுகிறோம். இரண்டு தராசு வைத்திருப்பவனை வணிகத்திலே மோசக்காரன் என்கிறோம். அறிவிலே இரண்டு தராசு வைத்திருப்பவனை என்னவென்று அழைப்பது?

கென்யா நாட்டின் வடக்கே, டர்க்கானா ஏரியின் கிழக்குக் கரையில், கூபி ஃபோரா என்றோர் இடம் உண்டு. 1969 ஆம் ஆண்டு, ரிச்சர்டு லீக்கி தலைமையில் ஆய்ந்த குழுவிலே ஆராய்ச்சி மாணவியாக இருந்த கே பெரன்ஸ்மேயர், அங்கே ஒரு சாம்பற் படுகையிற் கற்கருவிகளைக் கண்டார். அவர் பெயரைச் சுருக்கி அதனைக் கே.பி.எஸ். படுகை என்றே வழங்கலாயினர். சாம்பலின் மாதிரி இங்கிலாந்துக்குச் சென்றது. ஃபிட்ச், மில்லர் என்னும் இருவர் அதனைக் கணிக்கலாயினர்.

கணிக்கும் வழி எளிமையானது. ஆனால் ஏமாற்றவும் வல்லது. பாறையிலுள்ள பொட்டாசியத்தில் மிகச் சிறிய பங்கு கதிரியக்கம் உடையது. அதிற் பாதி அழிய 125 கோடி ஆண்டுகள் ஆகும். அழிவதில் ஏறத்தாழப் பத்திலொரு பங்கு ஆர்கான் என்னும் வாயுவாக மாறுகிறது. எரிமலைக் குழம்பு கொதிக்கும்போது இந்த வாயு வெளியேறிவிடும். குழம்பு குளிர்ந்து மணியாக உறைந்த பின்னர் உள்ளேயே சிறைப்படும். சிறைப்பட்ட வாயுவை அளந்தால், உறைந்து எவ்வளவு காலமாயிற்று என்பது தெரியும். ஆனால் கூபி ஃபோராச் சாம்பல் விழுந்த இடத்திலேயே கிடந்ததன்று. ஆறு அடித்துக்கொண்டு வந்தது. வரும் வழியிற் பழம்பாறைகளின் மணிகளையும் வாரிக்கொண்டு வந்தது. பாலில் ஒரு துளி புளித்த மோர் விழுந்தாற்போல, பழைய மணி சிறிது கலந்தாலும் கணக்கு முழுதும் திரிந்துவிடும்.

திரிந்துதான் போயிற்று. முதலிற் கிடைத்த விடை, 20 கோடி ஆண்டுகளுக்கும் மேல்! டைனோசர்கள் தோன்றத் தொடங்கிய காலத்திலா மனிதன் கல்லைச் செதுக்கிக்கொண்டிருந்தான்? இது கலப்படத்தின் விளைவென்று கண்டு தள்ளினர்; தள்ளியது முறையே. பின்னர், சாம்பலிற் கிடந்த நுரைக்கல் துண்டுகளிலிருந்து தூய மணிகளைத் தேர்ந்தெடுத்து மறுபடியும் அளந்தனர். விடை, 26 இலட்சம் ஆண்டுகள். இதனை ஏற்றனர்.

ஏன் ஏற்றனர்? இந்த எண் எவரையும் திடுக்கிட வைக்கவில்லை. நம்பத்தக்கதாயிருந்தது, மகிழத்தக்கதாயும் இருந்தது. கதவை உடைத்துக்கொண்டு வரும் கொள்ளைக்காரனுக்கு ஊரே விழித்துக்கொள்கிறது, உறவினன்போல் வந்து திண்ணையில் உட்காருபவனை, "நீ யார்?" என்று கேட்பவர் உண்டா? பெரும்பிழை தன்னைத் தானே காட்டிக் கொடுத்துவிடும். இனிய பிழைதான் நெடுநாள் வாழும்.

1972 இல் அப்படுகைக்குக் கீழேயிருந்து ஒரு மண்டையோடு துண்டு துண்டாக வெளிப்பட்டது. முதலிற் கண்டவர் பெர்னார்டு என்கெனியோ என்னும் கென்யர். 1470 என்பது அதன் பதிவெண். மூளை பெரிது, படுகைக்குக் கீழே கிடந்ததால் வயதும் பெரிது, ஏறத்தாழ 29 இலட்சம் ஆண்டுகள் என்று அறிவிக்கப்பட்டது. ரிச்சர்டு லீக்கி அதனைத் தந்தை லூயிஸ் லீக்கியிடம் காட்டினார். மனித குலம் மிகமிகத் தொன்மையானது என்று வாழ்நாளெல்லாம் வாதாடிய முதியவர் அவர். அதைக் கண்டு களித்தார். சில நாட்களில், 1972 அக்டோபர் 1 ஆம் நாள் மறைந்தார். தந்தையின் நம்பிக்கைக்கு மகன் கொணர்ந்த சான்று! இத்தகைய எண்ணைக் கைவிட எவருக்குத்தான் மனம் வரும்?

எதிர்ச்சாட்சியாக வந்தது ஒரு பன்றி. ஆம், பன்றியேதான். பண்டைக்காலப் பன்றியொன்றின் கடைவாய்ப்பல் காலம் செல்லச் செல்ல நீண்டுகொண்டே வந்ததைப் பேசில் குக் என்னும் அறிஞர் கண்டிருந்தார். ஏரியின் வடக்கே, எத்தியோப்பியாவில் ஓமோ ஆற்றின் பள்ளத்தாக்கிலும் அதே பன்றியின் பற்கள் உண்டு. அங்கே சாம்பற் படுகைகள் பல அடுக்கடுக்காகக் கிடப்பதால் காலக்கணக்கும் உறுதியாக இருந்தது. கே.பி.எஸ். படுகைக்குக் கீழே கிடைத்த பல், ஓமோவில் ஏறத்தாழ 20 இலட்சம் ஆண்டுக்குரிய பல்லோடு ஒத்தது. ஒரே ஏரியைச் சுற்றி வாழ்ந்த பன்றிக்கு வடக்கே ஒரு காலமும் கிழக்கே ஒரு காலமுமா? சூழல் வேறுபட்டால் பல்லின் வளர்ச்சியும் வேறுபடலாமே என்று மறுத்தனர். எண்ணிப் பார்க்கத்தக்க மறுப்புதான். ஆயினும், இந்தக் கடுமையில் நூற்றிலொரு பங்கை 26 இலட்சத்தின்மீது காட்டியிருந்தால்!

1975 இல் அமெரிக்க அறிஞர் கார்னிஸ் கர்ட்டிஸ் குழுவினர் அதே சாம்பலை அளந்து, 18 இலட்சம், 16 இலட்சம் என்னும் எண்களைத் தந்தனர். 1976 இல் வேறொரு முறை பழைய எண்ணுக்குத் துணை வந்தது. ஜிர்க்கான் மணிகளில் யுரேனிய அணுக்கள் பிளந்தபோது பதிந்த தடங்களை எண்ணும் முறை அது. ஹர்ஃபோர்டு, கிளீடோ, நேசர் ஆகிய மூவரும் எண்ணினர், 24.4 இலட்சம் என்றனர். இரண்டு சாட்சிகள் ஒன்றாகிவிட்டன அல்லவா? ஆனால், முதற்சாட்சியின் வாக்குமூலம் ஊரெல்லாம் பரவிய பின்னர் கூண்டிலேறுபவனை முற்றிலும் தனிச்சாட்சி என்று கொள்ள முடியுமா? அம்மூவர் சாய்ந்தனர் என்று நான் சொல்லவில்லை. மனித மனம் தன்னையறியாமலே சாயவல்லது என்கிறேன்.

முடிச்சை அவிழ்த்ததிற் பெரும்பங்கு ஃபிராங்க் பிரவுன் என்னும் நிலநூல் அறிஞருக்கு உண்டு. ஓமோவிற் பல்லாண்டு உழைத்தவர். பின்னர் யூட்டா பல்கலைக்கழகத்திற் பணியாற்றியவர். அவரும் துணைவரும் "வயதென்ன?" என்று கேட்கவில்லை, "நீ யார்?" என்று கேட்டனர். சாம்பலிலுள்ள கண்ணாடித் துகள்களில் இரும்பு, டைட்டானியம், மாங்கனீசு ஆகியவை கலந்திருக்கும் அளவு ஒவ்வோர் எரிமலை வெடிப்புக்கும் வேறு, கைரேகைபோல. 1979 இல், சியூர்லிங், பிரவுன் முதலானோர் கே.பி.எஸ். சாம்பலும் ஓமோவின் ஒரு சாம்பலும் ஒரே வெடிப்பிற் பிறந்தவை என்று பொருத்திக் காட்டினர். 1980 இல் ஆஸ்திரேலிய அறிஞர் இயன் மெக்டூகல் புதிதாக அளந்தார்: 18.9 இலட்சம். பன்றி பொய் சொல்லவில்லை.

அதே 1980 இல் தடங்களை மறுபடியும் எண்ணி, 18.7 இலட்சம் என்று அறிவித்தவர் யார் தெரியுமா? ஆண்ட்ரூ கிளீடோ, 24.4 என்று கூறிய மூவரில் ஒருவர். எவரும் அவரைக் கூண்டில் ஏற்றவில்லை, அபராதம் விதிக்கவில்லை. தம் கையெழுத்தைத் தாமே அடித்துத் திருத்தினார். மண்டையோட்டைக் கண்டெடுத்தவர்களுக்குக் கிடைத்த புகழ் இவருக்குக் கிடைத்ததா? இல்லை. எனக்கோ, இந்த வரலாற்றில் எல்லாரினும் உயர்ந்து நிற்பவர் இவரே.

தொலைநாட்டுக் கதைதானே என்று நாம் அமைதி கொள்ள இயலாது. 1863 இல் பல்லாவரத்திற் கற்கோடரி கண்ட இராபர்ட் புரூஸ் ஃபூட்டும் ஒரு நிலநூல் அறிஞரே. அவ்வாண்டிலேயே அவரும் வில்லியம் கிங்கும் அத்திரம்பாக்கத்தைக் கண்டனர். அங்குள்ள கருவிகளுக்கு, 2011 இல் சாந்தி பப்பு முதலானோர் வயது கூறினர்: மண்ணில் உறைந்த காந்தத்தின் திசையைக் கொண்டு, 10.7 இலட்சத்துக்குக் குறையாது. விண்கதிர் கல்லில் விட்ட சுவட்டைக் கொண்டு, ஏறத்தாழ 15 இலட்சம். ஒன்றையொன்று சாராத இரண்டு சாட்சிகளை அவர்கள் நிறுத்தினர். நாமோ பெரிய எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு முழங்குகிறோம்! அக்கருவிகளைச் செய்தவர்கள் தமிழர் அல்லர். நம்மைப் போன்ற மாந்தரே அல்லர். குலமும் மொழியும் கோயிலும் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்னே வாழ்ந்து மறைந்த வேறோர் இனத்தார். அவர்கள் வயதிலே நம் பெருமைக்கு என்ன பங்கு?

பிரவுன் எண்ணைக் குறைப்பதற்கென்றே பிறந்தவர் என்று எண்ணிவிடவேண்டா. ஓமோவின் கிபிஷ் என்னுமிடத்தில் 1967 இல் நம்மினத்தாரின் எலும்புகள் கிடைத்தன. 1,30,000 ஆண்டு என்றே நெடுநாள் கருதி வந்தனர். 2005 இல் மெக்டூகல், பிரவுன், ஃபிளீகிள் ஆகியோர் அதனை 1,95,000 என்று உயர்த்தினர். 1470 இன் வயதைக் குறைத்த கையே இதன் வயதைக் கூட்டியது. 2017 இல் பிரவுன் மறைந்தார். 2022 இல் செலின் விடால் முதலானோர், கிபிஷ் எலும்புக்கு மேலே கிடந்த சாம்பலின் கண்ணாடியை ஷாலா எரிமலையின் சாம்பலோடு பொருத்திப் பார்த்தனர். எலும்பின் வயது 2,30,000 ஆண்டுக்குக் குறையாது என்றனர். கூட்டியோ குறைத்தோ 22,000 ஆண்டு பிழை நேரலாம் என்பதையும் பக்கத்திலேயே எழுதி வைத்தனர்.