எதிராளியின் நூல்

நம் விசுவாசத்திற்கு மாறான நூலொன்றை நம் அலமாரியில் வைத்திருப்பது முறையா? 1627-இல் பாரிஸ் நகரில் இக்கேள்விக்கு விடை எழுதிய ஓர் இளைஞரை நூலகத் துறையினரன்றி வேறெவரும் இன்று நினைப்பதில்லை. அவர் பெயர் காப்ரியேல் நோதே. மருத்துவம் பயின்றவர். நூலகம் அமைக்கும் முறைபற்றி அவர் எழுதிய சிறு நூல், அத்துறையின் முன்னோடி நூல்களுள் ஒன்று.

லூத்தர், கால்வின் ஆகியோரின் நூல்களும் நல்ல நூலகத்தில் இருக்கவேண்டும் என்றார் நோதே. மறுக்க முன்வருபவர் தாம் மறுப்பது எதை என்று அறியவேண்டாமா என்பது அவர் வாதம். உரோமை வெளியிட்ட தடைநூற் பட்டியல் நடப்பிலிருந்த காலம் அது. 1966-இல்தான் அப்பட்டியல் சட்ட வலிமையை இழந்தது. அழகிய அட்டைக்கட்டுக்குச் செலவிடும் பணத்தில் மேலும் சில நூல்களை வாங்கலாம் என்றும் எழுதினார். (கோயில் அலங்காரக் குழுவினர் இதை மன்னிப்பார்களாக.)

பின்னர் கர்தினால் மசரேனின் நூலகராகி, நாடு நாடாகச் சென்று ஏறத்தாழ 40,000 நூல்களைத் திரட்டினார். 1643 முதல் அந்நூலகம் அறிஞர்களுக்குத் திறந்துவிடப்பட்டது. உள்நாட்டுக் கலகத்தின்போது, மசரேனின் பகைவர்கள் 1652-இல் நூல்களை ஏலத்தில் விற்றனர். மருத்துவ நூல்களையாவது காக்கவெண்ணித் தம் சொந்தப் பணத்தில் அவற்றை வாங்கினார் நோதே. மறு ஆண்டே இறந்தார். கர்தினால் மீண்டும் உருவாக்கிய அந்நூலகம் பாரிசில் இன்றும் இயங்குகிறது.

இத்துடன் நிறுத்தினால் நோதே நமக்கு உத்தமராகவே தோன்றுவார். ஆனால் 1639-இல் அரசியல் தந்திரம் பற்றி அவர் எழுதிய நூல் வேறொன்று உண்டு. 1572-இல் புனித பர்த்தலோமேயு திருநாளன்று பாரிசில் தொடங்கிய படுகொலையில் சீர்திருத்தச் சபையினர் ஆயிரக்கணக்கில் மாண்டனர். அச்செயல் நியாயமானதே, அரைகுறையாக முடிந்ததே அதன் குறை என்று அதில் வாதிடுகிறார் நோதே! கால்வினின் நூலுக்கு இடம் கேட்டவர், அந்நூலை நம்பி வாழ்ந்தவரின் உயிருக்கு இரங்கவில்லை.

இவ்விரண்டும் ஒரே நெஞ்சில் எப்படிக் குடியிருந்தன? அவர் தந்த காரணத்திலேயே விடை இருக்கிறது என்பது என் எண்ணம். மறுப்பதற்குப் பயன்படும் என்றுதான் அந்நூல்களை அவர் கேட்டார். எதிராளியின் சொல் அவருக்குத் தேவைப்பட்டது, எதிராளி தேவைப்படவில்லை. பிற சபையினரின் துண்டுப் பிரசுரத்தைக் குறை காண்பதற்கென்றே கையிலெடுக்கும் நாம், அதை எழுதியவருக்காக எப்போதேனும் செபித்ததுண்டா?

நோதேயின் 1639-ஆம் ஆண்டு நூலை நம் அலமாரியில் வைக்கலாமா என்று கேட்டால், வைக்கலாம் என்பேன். 1627-ஆம் ஆண்டு நூலுக்குப் பக்கத்திலேயே வைக்கவேண்டும்.